உன் நாலாம் அத்தியாயத்தில் இருக்கும் பொய் என்னுடையது

தம்பி,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் விட்டதா என்பதையெல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது. போன வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டு, மூன்று தடவையும் மழை, மாடு, உன் அப்பாவின் முட்டுவலி என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் என்று நினைத்துவிடாதே. இதன் நகல் ஒன்று பேச்சியம்மாள் கைக்குப் போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் இதை ஒன்பது பெண்களுக்கு முன்னால் சத்தமாகப் படிக்கப் போகிறாள், நானும் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும், எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். உன் புத்தகத்தின் நாலாம் அத்தியாயத்தில் பேச்சியம்மாளைப் பற்றி நீ எழுதியிருப்பது பொய். அதை அந்தப் பெண்களைச் சொல்லவைத்தது நான். மாதக் கடைசியில் நீ புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த மாதம் புது வேலைக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும்.

இதைக் காதால் கேட்கப் போகிறவர்களுக்கு உன் வேலை என்னவென்று முழுசாகத் தெரியாது. எனக்கே விளக்கிச் சொல்ல வராது. எழுமலை பஸ்ஸில் யாராவது "மகன் என்ன பண்றான்?" என்று கேட்டால் "காலேஜுல அரசியல் சொல்லிக் குடுக்கிறான்" என்பேன். "எந்தக் கட்சிக்கு?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். நீ டெல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடமாக உதவிப் பேராசிரியர். ஒரு நாட்டில் ஆட்சி எப்படி நடக்கிறது, இன்னொரு நாட்டில் எப்படி நடக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உன் படிப்பு. நீ எடுத்துக்கொண்டது பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிப் பதவிகளை. இங்கே உசிலம்பட்டிக்கு மேற்கே சில ஊர்கள், நேபாளத்தில் சில ஊர்கள். நாற்காலியில் பெண் உட்கார்ந்தால் ஆள்வது அவளா, அவள் புருஷனா? இதுதான் உன் கேள்வி. அந்தக் கேள்விக்கான ஒரு பதில் உன் வீட்டு அடுப்படியில் நின்று உனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தது, நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நம்ம ஊராட்சிக்கு நானும் ஐந்து வருடம் தலைவர்தான். நீ அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய், லீவுக்கு வந்து போவாய். பதவி பெண்களுக்கு என்று ஆனதும் உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டே "நீ நிக்கிற" என்றார். சட்டியில் இருந்த குழம்பை ஊற்றிக்கொண்டே "சரி" என்றேன். ஓட்டுக் கேட்டு அடித்த நோட்டீஸில் உன் அப்பா படம் பெரிசாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றது, என் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. ஜெயித்த அன்றைக்கு மாலையும் முதலில் அவருக்குத்தான் விழுந்தது. ஆபீஸில் அவர் உட்காருவார், கிளார்க் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். இன்றைக்கும் தெருவில் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால் உன் அப்பாதான் திரும்பிப் பார்க்கிறார். நான் திரும்புவதில்லை, அது என்னைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை என்று என் கழுத்துக்கே பழகிவிட்டது.

பேச்சியம்மாளும் அதே ஐந்து வருடம் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்குத் தலைவர். அவளும் நானும் உசிலம்பட்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவர்கள். கணக்கில் அவளைவிட நான் கெட்டி, இதை ஞாயிற்றுக்கிழமை அவளே படித்தாக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அவள் புருஷனும் முதல் கூட்டத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் தேடி வந்தாராம். "மெம்பர்க மட்டுந்தேன் உள்ள. நீங்க போயி டீயக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க, வாரேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். அந்த மனுஷன் பேசாமல் போயிருக்கிறார், அதுதான் எனக்கு ஆச்சரியம். மொபெட்டில் தனியாக யூனியன் ஆபீசுக்குப் போவாள். நான் உன் அப்பா பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவேன். ரோட்டில் எங்களை முந்திப் போகும்போது ஹாரன் அடித்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலுக்கு நானும் சிரிப்பேன், போய்ச் சேருகிற வரைக்கும் அவள் மொபெட்டையே பார்த்துக்கொண்டு வருவேன்.

இரண்டு ஊரிலும் அப்போது ஒரே பிரச்சினைதான். தண்ணீர் திறந்துவிட்டால் மேலத்தெருத் தொட்டி முதலில் நிறையும், காலனித் தொட்டி கடைசியில். கோடையில் அந்தக் கடைசிக்கு எதுவும் மிஞ்சாது. அவள் ஊர்க் காலனிப் பெண்கள் அவளிடம் வந்து கேட்டார்கள். அவள் அடுத்த கூட்டத்திலேயே காலனிக்குத்தான் முதல் தண்ணீர் என்று தீர்மானம் எழுதி, அதிகாலையில் தானே வால்வு பக்கத்தில் நின்று திறக்கச் சொன்னாள். சொந்தப் பங்காளிகள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் மாற்றவில்லை. நம்ம ஊர்க் காலனிப் பெண்களும் என்னிடம் மனுவோடு வந்தார்கள். நான் வாங்கி உன் அப்பாவிடம் கொடுத்தேன். "அதப் பொறவு பாப்போம்" என்றார். அந்தப் பொறவு ஐந்து வருடத்தில் வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி அடுத்த கோடையில் கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய்க் குடம் நிறைத்துக்கொண்டு என் வாசல் வழியாகவே நடந்து போனாள். என்னைப் பார்த்துத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவள் பார்க்கவே இல்லை.

இப்போது நீ வந்ததைச் சொல்கிறேன். போன வருடம் ஆராய்ச்சிக்கு என்று ஒரு மாதம் வந்து தங்கினாயே, எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! என் மகன் என்னைக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். பழைய சேலையில் நல்லதாக ஒன்றை இஸ்திரி போட்டுக்கூட வைத்தேன். இரண்டாம் நாள் சாப்பிடும்போது நானே கேட்டேன். நீ நிமிராமல், "சொந்தக்காரங்கள இன்டர்வியூ பண்ணக் கூடாதும்மா, மெத்தட் தப்பாயிரும்" என்றாய். சரி, அது உன் தொழில் சட்டம். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "ஒன்னையக் கேட்டாலும் என்னம்மா சொல்லப் போற, எல்லாம் அப்பாதான பாத்தாரு" என்று சிரித்தாய். அதற்கு அப்புறம் எட்டு நாள் பேச்சியம்மாள் வீட்டிலேயே கிடந்தாய். அவள் வைத்த கோழிக் குழம்பைப் பற்றி என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னாய். "அத்தை எப்படிப் பேசுறாகன்னு பாக்கணுமே!" என்றாய். அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தது எந்த நாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, புதன்கிழமை. உன் லேப்டாப்பைத் திறந்தால் நேபாளத்துப் பெண் ஒருத்தி மாலை போட்டுக்கொண்டு சிரித்தாள், அவளும் ஒரு ஊருக்குத் துணைத்தலைவராம். அவள் மேலும் எனக்குப் பொறாமைதான். மலைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் தப்பித்தாள்.

பேச்சியம்மாள் சொன்னதை மட்டும் வைத்து எழுத முடியாது, ஊர்ப் பெண்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று நீ சொன்னாய். வெளியூரில் படித்த ஆம்பளைப் பிள்ளை கேட்டால் பேச மாட்டார்கள் என்று பயந்து, "நீ ஒரு வார்த்த சொல்லி வைம்மா, ஒன்னய நம்புவாக" என்றாய். அந்த மாதத்தில் நீ என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. மறுநாள் நீ மதுரைக்கு லைப்ரரிக்குப் போனாய், உன் அப்பா மேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அவள் ஊர்க் காலனியில் நீ கேட்கப் போவதாகப் பேர் சொன்ன ஒன்பது பெண்களின் வீட்டுக்கும் நான் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் சொன்னேன்: "எம் மகன் நாளைக்கு வாரான். எழுதி டெல்லிக்கு அனுப்புவான். பேச்சி தன்னிச்சையா தண்ணிய மாத்துனான்னு எழுத்துல போச்சுன்னா பின்னால அவளுக்குத்தேன் விசாரணை வரும், பங்காளிக கேசு போடுவாக. எல்லாம் அவ வீட்டுக்காரரு பாத்துக்கிட்டாரு, அவ கையெழுத்துதேன் போட்டான்னு சொல்லிருங்க. அவரு போய்ச் சேந்துட்டாரு, அவரை யாரு என்ன செய்ய முடியும்? பேச்சிகிட்ட மட்டும் சொல்லாதீக, வெசனப்படுவா." சொல்லும்போது என் குரல் எவ்வளவு அக்கறையாக இருந்தது என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான நாகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்துல சொன்னீகக்கா" என்றாள். பேச்சி திறந்துவிட்ட தண்ணீரைக் குடிக்கிறவர்கள் அவர்கள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவளை அழித்தார்கள்.

நாலு நாள் கழித்து நீ வந்து கட்டிலில் உட்கார்ந்தாய். முகம் வாடியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். "ஒம்பது பேரும்மா. தனித்தனியா கேட்டேன். ஒம்பது பேரும் ஒரே மாதிரி சொல்றாக. அத்தை பெருமைக்குச் சொல்லிருக்காக போல" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவ படிக்கிற காலத்துலயே அப்படித்தேன்" என்றேன். ஒன்பது பேரையும் ஒரே வார்த்தை பேசவைத்தது எது என்று நீ யோசிக்கவில்லை தம்பி. இதை அம்மாவாக இல்லாமல் ஒரு பழைய அரசியல்காரியாகச் சொல்கிறேன், வைத்துக்கொள். எங்கள் ஊர்களில் இரண்டு பெண்கள் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னாலே அதிசயம். ஒன்பது பேர் சொன்னால் முந்தின நாள் யார் வந்து போனார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். போகிற நாட்டிலும் இதைக் கேள். உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு உன் கேள்வியில் என்ன வேண்டியிருக்கிறது என்று முதலில் பார். அவர் உன் அம்மாவாகவே இருந்தாலும் பார்.

போன மாதம் நாலு நாள் வந்திருந்தபோது புத்தகம் முழுக்க எனக்குத் தமிழில் சொன்னாய். நாலாம் அத்தியாயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துணிச்சலான தலைவி என்று ஊரே நம்புகிற பெண்ணும் கடைசியில் புருஷனுடைய கையெழுத்துக்காரிதான், ஆகவே இங்கே எல்லோரும் ஒன்றுதான், நேபாளத்தில் மட்டும் வேறு மாதிரி என்று படித்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், இனித்தது. ஒரு சாயங்காலம் முழுக்க இனித்தது. அவளும் நானும் ஒன்றுதான் என்று என் மகனே எழுதிவிட்டான். நீ அந்தத் தடவை அவள் வீட்டுக்குப் போகவில்லை. நீ ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் அவளே வந்தாள். ஒரு மஞ்சப்பையை என்னிடம் நீட்டி, "தம்பி தீர்மானப் புத்தகத்து நகல் கேட்டுச்சு. கிளார்க்கப் புடிச்சுத் தேடி எடுக்க இம்புட்டு நாளாச்சு. போயிருச்சா? ஏன் என்னையப் பாக்காமப் போயிருச்சு?" என்றாள். வேலை இருந்திருக்கும் என்றேன். அவள் போனதும் பையைத் திறந்தேன். தண்ணீர்த் தீர்மானம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து, முழுப் பக்கமும் அவளே எழுதியது. கணவர் பெயர் எங்கேயும் இல்லை. அந்தப் பையைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பத்தொன்பது நாள் அது அங்கே இருந்தது. இந்தக் கடிதத்தோடு அந்தப் பக்கங்களும் வருகின்றன.

நீ என்னைக் கேட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன். கண்மாயில் மண் அள்ள ஒரு கம்பெனிக்காரன் வந்தான். உன் அப்பாவுக்கு அவன் சிநேகம். தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்து வைத்தார்கள். மடை இருக்கிற பக்கமே தோண்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இது கூடவா தெரியாது? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மூன்று நாள் போடவில்லை. உன் அப்பா என்னிடம் பேசவில்லை, நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. அந்த மூன்று நாளும் நான்தான் இந்த ஊருக்குத் தலைவர் என்று எனக்குத் தோன்றியது. நாலாம் நாள் உன் சித்தப்பா வந்து, "மதினி, அண்ணே பட்டினி கெடக்காரு" என்றார். போட்டுவிட்டேன். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். மடை அடுத்த மழையில் சரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சியம்மாள் மேல் எனக்கு இருந்த பொறாமை அவள் மொபெட் மேலோ, அவள் பேச்சு மேலோ இல்லை. அவள் நாலாம் நாளிலும் போடாமல் இருந்திருப்பாள், அதன் மேல்தான்.

இந்தக் குணம் உனக்கும் இருக்கிறது. உன்னோடு படித்த பையனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது என்று போன தீபாவளிக்குச் செய்தி வந்தபோது நீ போனில் "கங்கிராட்ஸ்டா" என்று சத்தமாகச் சிரித்தாய். வைத்துவிட்டு, இலையில் இருந்த வடையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாயே தவிர ஒரு வாய் தின்னவில்லை. அந்த முகம் என்னுடைய முகம். நான் உனக்குக் கொடுத்த சொத்து அது. பொறாமைப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பொறாமை வந்திருக்கிற நாளில் யாருக்கும் நல்லது சொல்லப் போகாதே, அவ்வளவுதான். நான் நல்லது சொல்லித்தான் கெடுத்தேன்.

முந்தாநாள் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நாகம்மாளும் பக்கத்தில் இருந்தாள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேச்சி நறுக்குவதை நிறுத்தவில்லை. நாகம்மாள்தான் முதலில் பேசினாள். "நாங்க பொய் சொல்லலக்கா. காப்பாத்துனோம்னுதேன் நெனச்சோம்" என்று அழுதாள். பேச்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, என்னையக் கேவலமா சொல்லணும்னா திருடின்னு சொல்லியிருக்கலாம்ல? நான் எதுத்து நின்னு பேசியிருப்பேன். எம் புருசன் செஞ்சாருன்னு சொல்லிட்டியே. செத்த மனுசனோட நான் எப்படிச் சண்ட போடுவேன்?"

மன்னித்துவிடு என்றேன். "அத ஒம் மகன்கிட்டக் கேளு. எனக்கு வேண்டியது அது இல்ல. அம்புட்டையும் எழுது. நான் இவுக முன்னாடி படிக்கிறேன்" என்றாள். எனக்குக் காப்பி கொடுக்கவில்லை. திரும்பி நடந்து வரும்போதுகூட, இந்தக் கோபத்திலும் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே என்று எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. போகாத குணத்தைப் போய்விட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

உன் தொழிலில் இதை எப்படிச் சரி செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தியாயத்தையே எடுத்துவிடுவாயோ, திரும்ப வந்து எல்லோரையும் கேட்பாயோ, புத்தகம் தள்ளிப்போய் அந்தப் புது வேலையில் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்களோ. இத்தனை வருடப் படிப்பில் பெற்ற தாயே கல்லைப் போட்டுவிட்டாள் என்று நீ என்னோடு பேசாமல் இருந்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் நடந்ததை எழுதும்போது "உள்ளூர் உறவினர் ஒருவர்" என்று என்னை மூடி மறைக்காதே. பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவர் செய்தார் என்று எழுது. படிக்கிறவர்கள் இதையும் புருஷன் சொல்லித்தான் செய்திருப்பாள் என்று நினைப்பார்கள், அப்படி நினைக்க விடாதே. அந்த ஒன்பது வீட்டுக்கும் நான் போனது உன் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியப் போகிறது. பதவியில் இருந்த காலத்திலும் சரி, இறங்கிய பிறகும் சரி, யாரையும் கேட்காமல் நானே முடிவெடுத்து, நானே நடந்து போய் முடித்த காரியம் இது ஒன்றுதான்.

அம்மா